வெர்ஜ்: ஓரத்துக்கு வந்து சேர்ந்த கோல்

சொல் விளக்கப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பல, விளிம்பைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லையே சுற்றிச் சுற்றி வந்தன. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் ஒன்றாகக் கோத்திருக்கிறோம்.

கேள்வி: ஆங்கிலச் செய்திகளில் 'ஆன் த வெர்ஜ் ஆஃப்' என்று அடிக்கடி வருகிறது. அகராதியைப் புரட்டினால் 'வெர்ஜ்' என்பதற்கு விளிம்பு, ஓரம் என்று போட்டுவிட்டு, கீழே 'பதவிக்குரிய கோல்' என்றும் போட்டிருக்கிறார்கள். விளிம்புக்கும் கோலுக்கும் என்ன உறவு? எழுத்தொத்த இரண்டு வேறு சொற்களா?

ஒரே சொல்தான். அதில் கோல் மூத்தது, விளிம்பு பிந்திப் பிறந்தது.

லத்தீனில் 'விர்கா' என்றால் இளங்கொம்பு, குச்சி, பிரம்பு, கோல். அது பிரெஞ்சில் 'வெர்ஜ்' ஆயிற்று. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அங்கே அரசவையிலும் நீதிமன்றத்திலும் நெடுங்காலம் பிரெஞ்சும் லத்தீனும்தான் புழங்கின. அந்த வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் சொல்லின் பொருள் கோல்தான்; குறிப்பாக, பதவியின் அடையாளமாகக் கையில் ஏந்தும் கோல்.

அரசரின் இல்லத்தை நிர்வகித்த பெரிய அதிகாரிக்கு ஸ்டூவர்ட் என்று பெயர். அவர் கையில் வெள்ளைக் கோல் இருக்கும். இந்த வழக்கம் இன்னும் சாகவில்லை: 2022 செப்டம்பர் 19 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கில், அரண்மனையின் இன்னோர் உயர் அதிகாரியான லார்ட் சேம்பர்லின் தம் வெள்ளைக் கோலை இரண்டாக்கிச் சவப்பெட்டியின் மேல் வைத்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். பழைய காலத்தில் அரசர் தங்கியிருக்கும் இடத்தைச் சுற்றி 12 மைல் வரை அமைதி காப்பதும், அங்கே நடக்கும் குற்றங்களை விசாரிப்பதும் ஸ்டூவர்டும், மார்ஷல் என்ற இன்னோர் அரண்மனை அதிகாரியும் நடத்திய நீதிமன்றத்தின் பொறுப்பு. அந்த வட்டத்தினுள் நடந்ததைச் சட்ட ஆவணங்கள் 'கோலுக்குள்' நடந்ததாக எழுதின. லத்தீனில் 'இன்ஃப்ரா விர்கம்'. ஆங்கிலத்தில் 'விதின் த வெர்ஜ்'.

பொருள் நழுவியது இந்தத் தொடரில்தான். 'கோலுக்குள்' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்குக் கோல் மறந்து, அதன் ஆணை செல்லும் பரப்பு மனத்தில் நின்றது. பரப்பு என்றதும் அது எங்கே முடிகிறது என்ற கேள்வி வரும். அதனால் சொல் பரப்பைவிட்டு அதன் எல்லைக்கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு காட்டின் ஓரம், மகுடத்தின் விளிம்பு, பாறையின் நுனி என எதற்கும் அதையே சொல்லலானார்கள். கடைசியாக, இடத்தின் ஓரம் காலத்தின் ஓரமாகி, 'இதோ நடக்கப்போகிறது' என்ற தறுவாயைக் குறித்தது.

தமிழ்க் காதுக்கு இது அவ்வளவு விசித்திரமாகப் படாது. செங்கோல் என்றால் நல்லாட்சி, கொடுங்கோல் என்றால் கெட்ட ஆட்சி, கோலோச்சுதல் என்றால் ஆளுதல். நாமும் கோலிலிருந்து ஆட்சி வரை வந்திருக்கிறோம். ஆட்சி முடியும் இடம் வரை அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அந்த 12 மைல் வட்டம் ஏட்டில் மட்டும் இருந்ததா, நடைமுறையில் பயன்பட்டதா? அரசர் ஊர் ஊராகப் போனால் என்ன ஆகும்?

அரசர் நகர்ந்தால் வட்டமும் நகரும். வட்டத்தின் நடுப்புள்ளி அரண்மனைக் கட்டடத்தில் இல்லை. அரசரின் உடலில் இருந்தது. அவர் வேட்டைக்கோ விருந்துக்கோ போய் ஒரு கிராமத்தில் தங்கினால், அன்று இரவு அந்தக் கிராமத்து அடிதடி வழக்குகூட அரண்மனை நீதிமன்றத்தின் கைக்குப் போய்விடலாம். வழக்கமான நீதிமன்றங்களுக்கு இதில் மனக்கசப்பு இருந்தது. இந்த அதிகாரம் எல்லை மீறுகிறது என்று புகார் கிளம்பியதால்தான் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ரிச்சர்ட் காலத்துச் சட்டம் ஒன்று 12 மைல் என்று கணக்குப் போட்டுக் கட்டிவைத்தது.

நடைமுறைக்கு இதைவிடப் பெயர்பெற்ற சான்று வேண்டுமா? நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ 1593 மே 30 அன்று லண்டனை அடுத்த டெட்ஃபோர்டில் ஒரு வீட்டில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். செலவுக் கணக்குத் தீர்ப்பதில் தகராறு என்கிறது ஆவணம். அந்த ஊர் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனாலும் ஜூன் 1 அன்று 16 பேர் கொண்ட நடுவர் குழுவை வைத்துப் பிண விசாரணை நடத்தியவர் வில்லியம் டான்பி. அன்றைய அரசி முதலாம் எலிசபெத்தின் இல்லத்துக்கு உரிய பிண விசாரணை அதிகாரி. சம்பவ இடம் அரசியின் 'வெர்ஜுக்குள்' இருந்தது என்பதே காரணம். அந்தச் சொற்கள் விசாரணை ஆவணத்திலேயே இருக்கின்றன. 1925இல் லெஸ்லி ஹாட்சன் என்ற ஆய்வாளர் அதைத் தோண்டியெடுத்து வெளியிடும் வரை, மார்லோ செத்தது எப்படி என்று ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரண்மனை நீதிமன்றங்கள் 1849 முடிவில் ஒழிக்கப்பட்டன. அரச இல்லத்துப் பிண விசாரணை அதிகாரி என்ற பதவி மட்டும் 2013 வரை உயிரோடு இருந்தது.

அந்தக் காலத்து நாடகங்களில் இந்தச் சொல் எப்படிப் புரண்டது என்பதையும் பார்க்கலாம். ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் சாகக் கிடக்கும் கான்ட் என்ற சித்தப்பா, ஆயிரம் முகத்துதிக்காரர்கள் உன் மகுடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அரசனைச் சாடுகிறான். அவ்வளவு சிறிய 'வெர்ஜுக்குள்' அடைபட்டிருந்தும் அவர்களால் நாட்டளவு நாசம் விளைகிறது என்கிறான். மகுடத்தின் விளிம்பு, அரசரைச் சுற்றிய வட்டம் இரண்டும் ஒரே சொல்லில் அடிபடுகின்றன. 'லியர் அரசன்' நாடகத்திலோ, முதிய தந்தையைப் பார்த்து மகள் ரீகன், உங்கள் இயற்கை தன் எல்லையின் 'வெர்ஜில்' நிற்கிறது என்கிறாள். வயதாகிவிட்டது, காலம் நெருங்குகிறது என்பதைத்தான் அவ்வளவு இனிமையாகச் சொல்கிறாள். இன்றைய செய்தித்தாள் வழக்குக்கு இது ஒரு முழம்தான் தள்ளி இருக்கிறது.

கேள்வி: 'விர்கா'விலிருந்து வந்த வேறு சொற்கள் ஏதாவது உண்டா?

உண்டு. இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிகன் தேவாலயங்களில் ஊர்வலத்தின் முன்னே கோல் ஏந்திப் போகிறவருக்கு 'வெர்ஜர்' என்று பெயர். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இன்றும் லத்தீனுக்கு நெருக்கமாக 'விர்ஜர்' என்றே எழுதுகிறார்கள். சாய்கோட்டுக் குறிக்கு ஆங்கிலத்தில் 'விர்கியூல்' என்று ஒரு பெயர் உண்டு: குட்டிக்கோல். பிரெஞ்சில் அதே சொல் காற்புள்ளியைக் குறிக்கும். பழைய இங்கிலாந்தில் சுமார் 30 ஏக்கர் நிலத்துக்கு 'விர்கேட்' என்று பெயர். நிலத்தைக் கோலால் அளந்ததன் தடயம் அது. வேர் வேறானாலும், 'யார்ட்' என்ற நீட்டலளவையும் முதலில் குச்சிதான். மஞ்சள் பூக் கொத்தாகப் பூக்கும் 'கோல்டன்ராட்' செடியின் தாவரவியல் பெயர் சாலிடாகோ விர்காரியா; பின்பாதியைப் பிரித்தால் பொற்கோல்.

பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே இன்று 'வெர்ஜ்' என்றால் பெரும்பாலும் ஆணுறுப்பு. ஆங்கில வழக்கை அப்படியே அங்கே பெயர்த்து வைத்தால் மானம் போகும்.

கேள்வி: 'கன்வெர்ஜ்', 'டைவெர்ஜ்' என்பவற்றிலும் இதே 'வெர்ஜ்'தானே இருக்கிறது? இரண்டு கோடுகள் விளிம்பில் சேர்வதால் அந்தப் பெயர் என்று ஒரு பாடக்குறிப்பில் படித்தேன். 'மெர்ஜ்' கூட இந்தக் குடும்பமா?

அந்தப் பாடக்குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். 'கன்வெர்ஜ்', 'டைவெர்ஜ்' இரண்டும் 'வெர்கெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தவை. அதற்குச் சாய்தல், வளைதல், ஒரு பக்கமாகத் திரும்புதல் என்று பொருள். ஒன்றை நோக்கிச் சாய்ந்தால் குவிதல், விலகிச் சாய்ந்தால் விரிதல். விளிம்பும் இல்லை, கோலும் இல்லை. 'மெர்ஜ்' வேறு வீடு: 'மெர்கெரே' என்றால் முக்குதல், அமிழ்த்துதல். 'சப்மெர்ஜ்', 'எமெர்ஜ்' அதன் உடன்பிறப்புகள்.

குழப்பம் வருவதற்கு நியாயமும் இருக்கிறது. தனியாக நிற்கும் 'வெர்ஜ்' என்ற வினையில் இரண்டு வேர்களும் பின்னிக்கிடக்கின்றன. மாலைச் சூரியன் மேற்கே 'வெர்ஜ்' ஆகிறது என்றால், அது சாய்தல். அவன் பேச்சு திமிரில் 'வெர்ஜ் ஆன்' ஆகிறது என்றால், அது ஓரத்தைத் தொடுதல். கூடவே வரும் சிறு சொல்லைப் பாருங்கள். 'டுவர்ட்ஸ்' வந்தால் பெரும்பாலும் சாய்தல். 'ஆன்' வந்தால் பெரும்பாலும் ஓரம்.

கேள்வி: 'வெர்ஜ்', 'பிரிங்க்', 'எட்ஜ்', 'பிரிம்' எல்லாமே விளிம்புதான் என்கிறார்கள். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் தவறா? தேர்வில் எப்போதும் இங்கேதான் மதிப்பெண் போகிறது.

சில இடங்களில் போடலாம், பல இடங்களில் சிரிப்பார்கள். ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் பாதித் தவறு குறையும்.

'எட்ஜ்' பழைய ஆங்கிலச் சொல். அதன் முதல் பொருள் வாளின் கூர்வாய். பழங்காப்பியமான 'பேயோவுல்ஃப்'பில் வாளையே அந்தச் சொல்லால் குறிப்பார்கள். லத்தீனில் ஊசியைக் குறிக்கும் 'ஆகுஸ்' இதற்குத் தூரத்து உறவு. ஆகவே கத்தி, மேசை, தாள், பாறை எனக் கண்ணுக்குத் தெரியும் ஓரம் எதற்கும் இது பொருந்தும். கூர்மையின் நினைவு இன்னும் விடவில்லை: 'ஆன் எட்ஜ்' என்று இடையில் 'த' இல்லாமல் சொன்னால், பதற்றத்தில் இருக்கிறார் என்று பொருள். 'ஆன் தி எட்ஜ்' என்றால் ஓரத்தில் இருக்கிறார். ஒரு சிறு சொல் விடுபட்டால் ஆள் ஓரத்திலிருந்து மனக் கலக்கத்துக்குப் போய்விடுவார்.

'பிரிங்க்' வட ஐரோப்பிய வரவு. டேனிஷ் போன்ற மொழிகளில் அது செங்குத்தான சரிவைக் குறிக்கும். அதனால் ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு பள்ளம் எப்போதும் இருக்கிறது. போர், திவால், பஞ்சம், சாவு என விழுந்தால் எழ முடியாதவற்றுக்கு முன்னால் அது நிற்கும். 1956இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், போரின் 'பிரிங்க்' வரை போகப் பயப்படக் கூடாது என்ற பொருளில் ஒரு பேட்டி கொடுக்கப்போய், அதைச் சாட எதிர்த்தரப்புத் தலைவர் அட்லாய் ஸ்டீவன்சன் எடுத்தாண்ட 'பிரிங்க்மன்ஷிப்' என்ற சொல் அகராதியில் ஏறிவிட்டது. எதிராளி பின்வாங்குவான் என்று நம்பிப் படுகுழி வரை போய் நிற்கும் தந்திரம் அது. அங்கே 'வெர்ஜ்மன்ஷிப்' எடுபட்டிருக்காது.

'பிரிம்' பாத்திரத்தின் வாய்விளிம்பு, தொப்பியின் மடல். உள்ளே ஏதாவது நிரம்ப வேண்டும், அல்லது வெளியே நீண்டு சுற்ற வேண்டும்.

'வெர்ஜ்' இவற்றில் மிதமானது. நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவாக நிற்கும்: வெற்றியின் 'வெர்ஜில்' இருக்கலாம், சரிவின் 'வெர்ஜிலும்' இருக்கலாம். அழுகைக்கு அது பொருத்தம். யாராவது கண்ணீரின் 'பிரிங்க்'கில் நின்றால் கொஞ்சம் நாடகத்தனமாகிவிடும்.

தேர்வுத் தவறுகளுக்கு வருவோம். முன்னால் வருவது 'ஆன்' மட்டுமே. 'இன் த வெர்ஜ்', 'அட் த வெர்ஜ்' இரண்டும் இந்தத் தொடரில் செல்லாது. பின்னால் 'ஆஃப்' வந்து, அதற்கடுத்து ஒரு பெயர்ச்சொல்லோ 'இங்' ஈற்று வினையோ வர வேண்டும். 'ஆன் த வெர்ஜ் டு ரிசைன்' தவறு. 'ஆன் த வெர்ஜ் ஆஃப் ரிசைனிங்' சரி. நடுவிலிருக்கும் 'த'வை விழுங்காதீர்கள். இன்னொன்று: இந்தத் தொடர் நடக்கப்போவதைச் சொல்கிறதே தவிர, நடந்ததைச் சொல்லவில்லை. 'அவர் நேற்று ராஜினாமா செய்யும் வெர்ஜில் இருந்தார்' என்றால் கடிதம் இன்னும் கையில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ராஜினாமா செய்துவிட்டார் என்று மொழிபெயர்த்துச் செய்தி போட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: மொழிபெயர்ப்பில் 'வெர்ஜ்' வரும் இடமெல்லாம் 'விளிம்பில்' என்று போட்டுவருகிறேன். 'கண்ணீரின் விளிம்பில் நின்றாள்' என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

அடித்தது சரி. கண்ணீருக்குத் தமிழில் விளிம்பு கிடையாது. அழுகை முட்டும், கண் கலங்கும், நீர் திரண்டு நிற்கும். 'கண்ணில் நீர் முட்டி நின்றது' என்றோ 'அழுதுவிடுவாள் போலிருந்தது' என்றோ எழுதினால், மூலத்தில் உள்ளது சேதாரமில்லாமல் வந்துவிடும்.

நம்மிடம் இதற்கென்றே 'தறுவாய்' என்ற சொல் இருக்கிறது. முடியும் தறுவாயில், புறப்படும் தறுவாயில், கவிழும் தறுவாயில் என்று வினையோடு சேர்ந்து நிற்கும். செய்தி நடைக்கு அது போதும். பேச்சு நடைக்கு 'போகிற' என்ற வினையே வேலையைச் செய்யும்: 'ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிற நேரத்தில்'. வயதைச் சொல்லும் 'வெர்ஜிங் ஆன் சிக்ஸ்டி'க்கு 'அறுபதைத் தொடப்போகிறார்'. 'வெர்ஜிங் ஆன் ரூட்' என்பதற்கு 'கொஞ்சம் விட்டால் மரியாதைக் குறைவு' என்று சுற்றி வளைப்பதைவிட, 'துடுக்குத்தனம் என்றே சொல்லலாம்' என்பது சுருக்கம்.

உயிரினங்களுக்கு 'அழிவின் விளிம்பில்' என்பது பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டோம். ஆனால் 'அருகிவரும்' என்ற சொல்லை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 'அருகு' என்றால் பக்கம், ஓரம், விளிம்பு. 'அருகுதல்' என்றால் குறைந்துபோதல். ஓரத்தையும் தேய்வையும் ஒரே ஒலியில் அடக்கிய சொல் கையில் இருக்கும்போது, இரவல் வாங்க அவசரம் இல்லை.

கேள்வி: பழைய சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை விற்பனைக் குறிப்பில் 'வெர்ஜ் வாட்ச்' என்று எழுதியிருந்தார்கள். ஓரம் வேலைப்பாடு உள்ளது என்று அர்த்தமா?

இல்லை. ஓரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே 'வெர்ஜ்' தன் பழைய பொருளோடு, அதாவது கோலாக, கடிகாரத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கடிகாரத்தைத் திறந்தால் அசைந்தாடும் சமநிலைச் சக்கரம் தெரியும். அதன் அச்சுத்தண்டு ஊசி போல மெல்லியது. அந்தத் தண்டுதான் 'வெர்ஜ்'. அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கொடி போன்ற இரண்டு சிறு தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்கோணம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பியிருக்கும். இவற்றுக்கு எதிரே, மகுடம் போலப் பற்கள் பக்கவாட்டில் நீண்ட ஒரு சக்கரம் இருக்கும். சாவி கொடுத்து முறுக்கும் வில்லின் விசையால் மகுடச் சக்கரம் சுழல, அதன் பல் ஒன்று மேல்தகட்டைத் தள்ளும். தண்டு திரும்பும். பல் வழுக்கித் தப்பியதும் சக்கரம் துள்ளும். உடனே எதிர்ப்பக்கத்துப் பல் கீழ்த்தகட்டில் மோதித் தண்டை மறுபக்கம் தள்ளும். 'டிக்', 'டக்' என்று கேட்பது இந்த மோதல்கள்.

மகுடச் சக்கரத்தில் பற்கள் எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கும். கைக்கடக்கமான கடிகாரங்களில் 11, 13, 15 என. இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே இன்னொரு பல் வந்து நிற்கும். இரண்டு தகடுகளும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். ஒற்றைப்படையில் பல்லுக்கு எதிரே இடைவெளி அமையும்.

இந்த அமைப்பு 13ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஐரோப்பியக் கோபுரக் கடிகாரங்களில் தோன்றி, 19ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. அதன் குறை என்னவென்றால், தள்ளும் விசை கூடினால் கடிகாரம் விரைந்து ஓடும், குறைந்தால் சுணங்கும். தொடக்க காலத்தில் தண்டின் தலையில் இரு முனையிலும் எடை தொங்கும் 'ஃபோலியட்' என்ற குறுக்குச் சட்டம்தான் ஆடியது. அதற்கென்று இயல்பான தாளம் கிடையாது. நாளுக்குக் கால் மணி நேரம் தவறுவது சாதாரணம். 1656இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைப் பூட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. 1675இல் அவரே வெளியிட்ட, சமநிலைச் சக்கரத்துக்குச் சுருள்வில் பூட்டும் முறை சிறிய கடிகாரங்களைத் தேற்றியது. விசையைச் சீராக்க 'ஃபியூசீ' என்ற கூம்பு உருளையும் உண்டு: வில் முழுதாக முறுகி வலுவாக இருக்கையில், அதைக் கூம்போடு இணைக்கும் சங்கிலி கூம்பின் ஒடுங்கிய முனையில் இழுக்கும், வில் தளரத் தளர அகன்ற பக்கத்துக்கு வரும்.

வாங்குவதாக இருந்தால் மூன்றைக் கவனியுங்கள். தகடுகளில் பற்கள் குத்திக் குழி விழுந்திருக்கிறதா? இருந்தால் பல் குழியில் சிக்கி ஓட்டம் தடுமாறும். மகுடச் சக்கரம் தண்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? நெருங்கினால் பூட்டிக்கொள்ளும், விலகினால் பற்கள் தகட்டில் படாமல் மொத்தமும் சரசரவென்று ஓடித் தீர்ந்துவிடும். கடைசியாக, சங்கிலி ஒழுங்காகச் சுற்றுகிறதா? வில் முறுக்கோடு இருக்கும்போது சமநிலைச் சக்கரத்தை மட்டும் யாரும் கழற்றிப் பார்க்க விடாதீர்கள். தடுக்க ஆளில்லாத பல்சக்கர வரிசை முழு வேகத்தில் அவிழ்ந்து, பற்களை மழுக்கிவிடும். நல்ல நிலையில் உள்ளதுகூட நாளுக்குச் சில நிமிடம் முன்பின் காட்டும். அதைக் குறை என்று திருப்பிக் கொடுக்க முடியாது.

கேள்வி: பிரிட்டிஷ் வீட்டுக் கூரை பற்றிய குறிப்பில் 'ஈவ்ஸ்' என்றும் 'வெர்ஜ்' என்றும் தனித்தனியாக வருகிறது. இரண்டும் கூரை ஓரம்தானே? சாலைப் பலகையில் 'சாஃப்ட் வெர்ஜஸ்' என்றும் பார்த்தேன்.

சரிவுக் கூரையின் கீழ் ஓரம், தண்ணீர் வடியும் இடம், 'ஈவ்ஸ்': நம் இறவாரம். முகட்டிலிருந்து இறவாரம் வரை முக்கோணச் சுவரின் மேல் சாய்வாக இறங்கும் பக்க ஓரம்தான் 'வெர்ஜ்'.

அங்கே ஓடு சுவரைத் தாண்டிச் சுமார் 38 முதல் 50 மில்லிமீட்டர் வெளியே நீள வேண்டும். குறைந்தால் மழை சுவரில் வழியும். கூடினால் காற்று ஓடுகளை நெம்பும். பழைய முறையில் ஓட்டுக்கடியில் ஒரு தட்டைப் பட்டி வைத்து, இடைவெளியைச் சிமென்ட் சாந்தால் அடைப்பார்கள். மரச்சட்டம் வெயிலிலும் ஈரத்திலும் சுருங்கி விரிய, சாந்து அசையாமல் நிற்க, சில ஆண்டுகளில் விரிசல் விட்டுத் துண்டு துண்டாக உதிரும். 2014இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் நெறிமுறை பிஎஸ் 5534, சாந்தை மட்டும் நம்பக் கூடாது, ஓடுகளை ஆணி, கவ்வி போன்றவற்றாலும் பிணைக்க வேண்டும் என்றது. அதற்குப் பின் பிளாஸ்டிக் மூடிகளைக் கொளுவும் 'டிரை வெர்ஜ்' பரவியது. அதையும் ஏனோதானோவென்று பொருத்தினால், மூடியின் உள்ளே வரும் நீர் வெளியேறும் வழி தவறிச் சுவரில் கறுப்புத் தாரையாக இறங்கும்.

சாலையில் 'வெர்ஜ்' என்பது தாருக்கு வெளியே உள்ள புல்பட்டை. அமெரிக்கர்கள் 'ஷோல்டர்' என்பார்கள். மண் இளகியது, சக்கரம் இறங்கினால் புதையும் என்பதே பலகையின் செய்தி. இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல், வேகத்தைக் குறைத்து நேராகப் போய், மெல்ல மேலேற்ற வேண்டும்.

கேள்வி: 'எட்ஜ்' என்று எழுதும்போது நடுவில் 'டி' வருகிறது, 'வெர்ஜ்' என்பதில் வரவில்லை. விதி உண்டா?

உண்டு. 'ஜ்' ஒலிக்கு முன்னால் ஒட்டியிருப்பது அழுத்தம் பெற்ற குறில் என்றால் டி-ஜி-இ: எட்ஜ், ஹெட்ஜ், பிரிட்ஜ், ஜட்ஜ். நெடிலோ இன்னொரு மெய்யெழுத்தோ குறுக்கிட்டால் ஜி-இ மட்டும்: பேஜ், ஹியூஜ், ஹிஞ்ஜ், வெர்ஜ். 'காலேஜ்' போல அழுத்தமில்லாத ஈறுகள் இந்த விதிக்கு வெளியே. துணியின் நெய்த ஓரத்தைக் குறிக்கும் 'செல்வெட்ஜ்' மட்டும் இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது. தானே தன் ஓரமாக, நூல் பிரியாமல் நிற்பது என்பதால் 'செல்ஃப்', 'எட்ஜ்' இரண்டும் சேர்ந்து அமைந்த பெயர் அது.

கேள்வி: 'எக் ஆன்' என்றால் தூண்டிவிடுதல். முட்டைக்கு இதில் என்ன வேலை?

ஒரு வேலையும் இல்லை. ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் 'எக்யா' என்றால் தூண்டுதல். கூர்முனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே இது 'எட்ஜ்' என்பதன் ஒன்றுவிட்ட தம்பி: முனையால் குத்தி முன்னே தள்ளுதல். தின்கிற முட்டையும் நார்ஸ் வரவே, ஆனால் வேறு சொல். அதற்கு முன் ஆங்கிலேயர் முட்டைகளை 'ஐரன்' என்றார்கள். அச்சகர் வில்லியம் கேக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில், வழிப்போக்கர் ஒருவர் கென்ட் பக்கத்தில் 'எக்ஸ்' கேட்டதையும், வீட்டுக்காரி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று கையை விரித்ததையும் பதிந்துவைத்திருக்கிறார். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது.